எதைக் கொண்டு எதை

கணினி கேட்கும் கேள்வியை யாரும் படிப்பதில்லை. திரையில் ஒரு பெட்டி எழும்பும். அதில் இரண்டு வரி இருக்கும். கீழே ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் இரண்டு பொத்தான்கள். ஜனங்கள் ‘ஆம்’ என்பதை அமுக்கிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வங்கிக்காரர் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் இதுவும். இது நன்றாகத் தெரிந்திருந்தும், அந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதுவதற்கென்றே தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தாரைவார்த்துக் கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவரைத் திருத்தம் என்று கூப்பிடுவார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. திருத்தம் என்பது அக்காவைக் கட்டிய அத்தான் வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்பு அக்காவுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று எப்படியோ இவர் கைக்கு வந்துவிட்டது. வேறு எந்தத் தம்பியாக இருந்தாலும் அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான், அல்லது கொடுக்காமலிருக்க அக்காவிடம் ஏதாவது கறந்திருப்பான். இவர் சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அத்தான் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாளடைவில் அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அலுவலகம் என்றால் குடிநீர் வாரியம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் அவர் இருந்தார். தண்ணீரை வரவைப்பது வேறு பிரிவு. அவர்களோடு இவர்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ‘தங்கள் புகார் உரிய கவனத்துடன் பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வாக்கியத்தைப் படிப்பவர் மனம் நோகாதபடி பத்துப் பதினைந்து விதமாக வளைத்து எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவர் உயிர் அங்கே இல்லை. உயிர் கட்டற்ற மென்பொருளில் இருந்தது.

எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இயங்குதளம், அதன்மேல் ஓடும் கருவிகள், மனிதன் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்கள், அவை ஆயத்த நிரல்களை இரவல் வாங்கும் நூலகங்கள், எல்லாவற்றையும் உலகம் முழுக்க ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறார்கள். இதைத் திருத்தம் முதன்முதலாக விளக்கியபோது அத்தான், “அப்ப இலவசம்னு சொல்லு” என்றார்.

இலவசம் வேறு, விடுதலை வேறு என்று திருத்தம் நெடுநேரம் பேசினார். அத்தான் பொறுமையாகக் கேட்டார். அவர் பழைய சாமான்களை ஏலம்விடும் கூடத்தில் ஏலக்காரர். ஓட்டை விழுந்த சோபாவைக் காற்றோட்டமானது என்று சொல்லி விற்றவர்.

“காசு குடுக்கணுமா?”

“வேண்டாம்.”

“அப்ப இலவசம்தான் மச்சான். எடுத்துட்டு வா, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுரு.”

போட்டார். முழுக்கத் தமிழில் போட்டார். இங்கிலீஷ் பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். தாய்மொழியில் கேட்கிற கேள்விதான் மனசுக்குள் இறங்கும் என்று திருத்தம் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். தம்பி ஆசைப்படுகிறானே என்று அக்கா விட்டுக்கொடுத்தாள். அவன் மூக்குக்கண்ணாடி போட்ட வயசிலிருந்து அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தத் தமிழைச் செய்து தருவது கலைச்சொல் குழு. வாரம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கூடுவார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். தும்முவதற்கு முன்புகூட ஒரு முன்னுரை சொல்லக்கூடியவர். கம்பைலரைத் ‘தொகுப்பி’ என்பதா, ‘நிரல்பெயர்ப்பி’ என்பதா என்று குழு இரண்டாகப் பிரிந்து, நெடுநாள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் இரண்டையும் வைத்துக்கொள்வதென்று சமாதானமானது. அதனால் திரையின் மேல்பாதியில் தொகுப்பி ஒரு பிழையைக் காட்டும், கீழ்ப்பாதியில் நிரல்பெயர்ப்பி அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நிற்கும். ‘தேவையான நூலகம் கிடைக்கவில்லை’ என்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதானே இருக்கு” என்று அத்தான் வழி சொன்னது தனிக்கதை.

திருத்தம் அந்தக் குழுவின் நடைச் செம்மையாளர். மற்றவர்கள் மொழிபெயர்த்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர் பங்கு. ‘பிள்ளை கொல்லப்பட்டது, பெற்றோர் காத்திருக்கிறார்’ என்று யாரோ ஓர் அப்பாவி ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து எழுதிவைத்திருந்ததை, ‘கிளைச்செயல் முடித்துவைக்கப்பட்டது’ என்று மாற்றிப் பல குடும்பங்களின் நிம்மதியைக் காத்தவர் அவர்தான். இப்படி மூவாயிரம் வரிகளுக்குமேல் அவர் கைபட்டு மின்னிக்கொண்டிருந்தன.

இந்த நிலையில் அத்தானுக்குத் தொண்டை கட்டியது. ஏலக்காரருக்குத் தொண்டை கட்டுவது ஒரு விஷயமா என்று யாரும் சட்டை செய்யவில்லை. கட்டியது விடவே இல்லை. பிறகு அது கட்டு இல்லை, கட்டி என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்றார் மருத்துவர்.

“அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஆளா டாக்டர்?” என்று அத்தான் கேட்டார். மருத்துவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்பே குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டியது. சில நூறு வாக்கியங்கள் தெளிவாக இருந்தால் அவற்றை ஒலித்துண்டுகளாக நறுக்கி அடுக்கி ஒரு குரல் நூலகம் செய்துவிடலாம். அப்புறம் டேப்லெட் என்கிற கைப்பலகை ஒன்றில் அவர் எதை எழுதினாலும் அவருடைய குரலிலேயே வெளியே வரும். அதைச் செய்கிற மென்பொருளும் கட்டற்றதுதான் என்று அம்மாள் சொன்னபோது, திருத்தம் தானே அதைப் பெற்று வளர்த்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிவு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

முதல்நாள் வெள்ளோட்டம். வாசிப்பதற்கு ஏதாவது வாக்கியங்கள் வேண்டுமே என்று அவர் எடுத்துக்கொண்டு வந்தது தன்னுடைய மூவாயிரத்தை. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக் கம்பீரத்தோடு ஆரம்பித்தார். அனுமதி மறுக்கப்பட்டது. கோப்பைத் திறக்க இயலவில்லை. நினைவகம் போதவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அறுபது சொச்சம் வரி போனதும் தாளைக் கீழே வைத்தார்.

“மச்சான், இதுல ஒருத்தனாவது ஒருத்தன்கிட்ட நல்ல வார்த்தை சொல்றானா? எல்லாம் இல்ல, முடியாது, கூடாது. உங்க வாரியத்து லெட்டரைத்தான் கம்ப்யூட்டருக்கும் அனுப்பியிருக்க.”

பேச்சுப் பயிற்சி அம்மாளும் அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார். வீட்டில் பேசுகிற பேச்சு வேண்டும். கூப்பிடுவது, கொஞ்சுவது, திட்டுவது, சாப்பிடச் சொல்வது. அதற்கப்புறம் அறுவைக்கு முந்தின நாள் வரைக்கும் அத்தான் நிஜமாகப் பேசினார். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டு, அக்காவை எதிரே உட்காரவைத்துப் பேசினார். அக்காவைக் கோபமாகக் கூப்பிடுவது, காரியம் ஆக வேண்டும் என்றால் கூப்பிடுவது, ஏலத்தில் மூன்றாம் தரத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுப்பது, தூரத்தில் வேலைபார்க்கும் மகளிடம் ‘வெச்சிரட்டுமா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வைக்காமலே இருப்பது, எல்லாம் ஏறியது. திருத்தத்தைத் திட்டுவதற்கென்று ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்கினார். “பின்னால தேவைப்படும்” என்றார். தண்ணீர் குடித்துக் குடித்துத் திட்டினார்.

இதெல்லாம் மடிக்கணினியில் ‘புதிய குரல்’ என்ற பெயரில் இருந்தது. வெள்ளோட்டம் ‘பழைய குரல்’ என்ற பெயரில், வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்றில் கிடந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அத்தான் கழுத்தில் கட்டோடு வீடு திரும்பினார். வாயைத் திறந்தால் காற்றுகூட அந்த வழியாக வரவில்லை. அப்போதும் வீட்டில் யாரும் கலங்கவில்லை. குரல்தான் பத்திரமாக இருக்கிறதே. டிஸ்கில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுங்கள், வெள்ளோட்டம் இனி வேண்டாம், அதன் இடத்திலேயே இதைப் போட்டுவிடுங்கள் என்று அம்மாள் சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் இருந்தால் இன்னும் பத்திரம் என்று அக்காவும் நினைத்தாள். அத்தான் தூங்குகிற நேரமாகப் பார்த்து மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

திருத்தம் அலுவலகத்தில் இருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. குரல் சாதாரணமாக இருந்தது. ரொம்பப் பயந்துவிட்டால்தான் அக்காவின் குரல் அவ்வளவு சாதாரணமாகும்.

“தம்பி, அவரு பேசினதெல்லாம் எங்கடா போச்சு? ரெண்டு பக்கமும் உன்னோட அனுமதி மறுக்கப்பட்டதுதான் கேக்குது.”

அவர் போய்ச் சேர்ந்தபோது அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், எதையும் தொடாமல் இருந்தாள். நடந்ததை ஒப்புவித்தாள். நகலெடுக்கும் கருவியைத் திறந்து, எங்கிருந்து என்ற கட்டத்தில் புதிய குரலையும், எங்கே என்ற கட்டத்தில் பழைய குரலையும் போட்டாள். சரியாகத்தான் போட்டாள். கருவி கேட்டது: ‘பழைய குரல்’ கொண்டு ‘புதிய குரல்’ மேலெழுதப்படும். தொடரவா?

“பகீர்னு ஆயிருச்சு, பழசை மேல போட்டுப் புதுசை அழிக்கப் போகுதேன்னு. நல்லவேளை படிச்சோம்னு நெனச்சேன். இல்லைன்னு குடுத்துட்டு, ரெண்டையும் இடம் மாத்திப் போட்டேன். அப்பறம் கேள்வி ஒழுங்கா வந்துச்சு. புதிய குரல் கொண்டு பழைய குரல் மேலெழுதப்படும்னு. மறுபடியும் ஒருதரம் படிச்சுப் பாத்துட்டுதான் ஆம்னு குடுத்தேன். எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

திருத்தம் அந்தக் கேள்வியை மறுபடியும் வரவழைத்துப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்துவிட்டது. அது அவருடைய வரி.

ஆங்கில மூலத்தில் பெயர்கள் வரவேண்டிய இரண்டு இடமும் சதவீதக் குறி போட்டுக் காலியாக விடப்பட்டிருக்கும். கருவி முதலில் அழியப்போவதன் பெயரையும், அடுத்து அதன்மேல் ஏறப்போவதன் பெயரையும் கொட்டும். முதல் குழியில் முதல் பெயர், இரண்டாம் குழியில் இரண்டாம் பெயர். கருவியின் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான், தமிழ் எல்லாம் அதற்குத் தெரியாது. முன்பு யாரோ ஓர் ஆர்வலர், ‘இன்னது, இன்னதைக் கொண்டு மேலெழுதப்படும்’ என்று வரிசை மாறாமல் எழுதியிருந்தார். கேட்க முரடாக இருந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. திருத்தம் அதைப் பார்த்து முகம் சுளித்தார். ‘இன்னதைக் கொண்டு இன்னது மேலெழுதப்படும்’ என்று புரட்டிப் போட்டார். ஆற்றொழுக்காக வந்துவிட்டது. புரட்டினால் எந்தக் குழிக்கு எந்தப் பெயர் என்று எண் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வழி உண்டு, அவருக்கும் தெரியும். ஆனால் ஓர் எண்ணும் ஒரு டாலர் குறியும் தமிழ் வாக்கியத்தின் நடுவே பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தின. பிடுங்கிப் போட்டுவிட்டார். அந்த வரியைத்தான் தலைவர் ஒரு கூட்டத்தில் வாய்விட்டு வாசித்து, இதல்லவா தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வரி புழக்கத்துக்கு வந்து ஏகப்பட்ட காலம் ஆகிவிட்டது. எத்தனையோ பேர் கண்முன்னால் அது வந்து நின்றிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஒருவரும் படிக்கவில்லை. படிக்காமல் ஆம் போட்டவர்களுக்கெல்லாம் கருவி அவர்கள் நினைத்தபடியே வேலை செய்து கொடுத்தது. மூவாயிரம் வரிகளுக்கும் சேர்த்துத் திருத்தத்துக்கு வாய்த்த ஒரே வாசகி அக்காதான். அவள் நின்றாள், படித்தாள், நம்பினாள், படித்தபடி நடந்தாள்.

“அக்கா, நீ சரியாத்தான் படிச்சிருக்க. கேள்விதான் தப்பு. அதை எழுதினது நான்.”

அக்கா அவரைப் பார்த்தாள். சின்ன வயசில் அவள் உடைத்த கண்ணாடி டம்ளரைத் தான் உடைத்ததாகச் சொல்லி அடிவாங்கிக்கொண்டு நின்ற பையனைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

“என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாத. அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்ல கேள்வியைத் தலைகீழாவா எழுதி வெப்பாங்க? உனக்கு இன்னும் ஒழுங்கா பொய் சொல்ல வரலடா.”

கட்டற்ற மென்பொருளில் எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பது அதன் பெருமை. திருத்தம் திறந்து காட்டினார். சதவீதக் குறிகளைச் சுட்டிக்காட்டினார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், மாற்றியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றாள்.

டிஸ்கிலிருந்து அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர், கடைத்தெருவில் ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் எப்போதும் வணக்கம் சொல்கிற தோரணையில் இருந்தார். மடிக்கணினியையும் டிஸ்கையும் வாங்கி எதெதையோ ஓடவிட்டுப் பார்த்தார்.

“அழிச்சிருந்தா எடுத்துரலாம் சார். அழிக்கறதுன்னா வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டறது. ஆள் உள்ளேயேதான் இருப்பாரு. இது மேல எழுதியிருக்கு. அவரு இருந்த வீட்ல வேற ஆள் குடிவந்தாச்சு.”

“கொஞ்சமாவது? நாலு வார்த்தை?”

“மிச்ச எடத்தையும் இந்த மாதிரி டிஸ்க் தானே தொடச்சு வெச்சுக்கும் சார். ரொம்ப சுத்தம் பாக்கும்.” மடிக்கணினியை மூடப் போனவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். “எல்லாம் எவ்வளவு அழகா தமிழ்ல இருக்கு. படிக்கவே சந்தோஷமா இருக்கு. யாரு சார் செஞ்சாங்க?”

தெரியாது என்றார் திருத்தம்.

கைப்பேசிகளில் தேடினார்கள். அத்தான் குறுஞ்செய்தி எழுதுகிற ஜாதி. குரலை ஏலக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் செலவழித்திருந்தார். மகளிடம் ஒரு பதிவு இருந்தது. அதில் அவர் பக்கத்தில் ஓடிய மிக்சியோடு சேர்ந்து பேசியிருந்தார். மிக்சியின் குரல்தான் தெளிவாக இருந்தது. பேச்சுப் பயிற்சி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்வதற்கு மனமில்லாமல் ஜன்னலைப் பார்த்தார். பிழைத்தது அந்த வெள்ளோட்டம் ஒன்றுதான். அதை நறுக்கிப் புதுப்பேச்சு செய்ய முடியாது. வேண்டுமானால் வரிவரியாகக் கைப்பலகையில் ஏற்றித் தருகிறேன், தொட்டால் அந்த வரி வரும் என்றார்.

போனது போயிற்று, இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது என்று திருத்தம் கிளம்பினார். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. இந்தத் தடவை எல்லாப் பள்ளிக்கூடக் கணினிகளிலும் தமிழ்தான் முதலில் வரும் என்று ஏற்பாடாகியிருந்தது. பிள்ளைகள் புதிதாகப் படிக்கக் கற்றவர்கள், படித்துத் தொலைப்பார்கள்.

நகல் கருவியைப் பராமரிப்பவர் கண்காணாத நாட்டில் இருந்தார். இரண்டே வரியில் பதில் எழுதினார்: கருவி பெயர்களைச் சரியான வரிசையில்தான் தருகிறது; திரைச் செய்திகள் எல்லாம் இனி மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டுவிட்டன; மொழிக்குழுவின் தலைவர் கேட்டுக்கொண்டால் மட்டும் திறக்கலாம். திருத்தம் குழுவைக் கூட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சுகளில் அனுதாபம் நிரம்பியது. பிறகு ஒருவர், எப்படியும் இந்த வரியைத் தொடுவதென்றால் ‘மேலெழுதல்’ என்பதே தவறு, அது கிளர்ந்தெழுவதையல்லவா குறிக்கும், ‘மீதெழுதல்’ என்று மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் ‘மீது’ பேச்சுவழக்கு என்றார். பேச்சுவழக்கு எப்போதிலிருந்து கேவலமாயிற்று என்று மூன்றாமவர் எழுந்தார். பொழுது அதிலேயே போயிற்று. கலையும் நேரத்தில் திருத்தம் சதவீதக் குறிக்கு எண் போடுவதைப் பற்றி மறுபடியும் கேட்டார்.

“சதவீதக் குறி ஒரு சொல்லா?” என்றார் தலைவர்.

“இல்லைங்க ஐயா.”

“நம் குழுவின் பொறுப்பு சொல். சொல்லல்லாததில் நாம் தலையிட்டால் நாளை அவர்கள் நம் சொல்லில் தலையிடுவார்கள்.”

அந்த நியாயத்தின் அழகைக் குழு தலையாட்டி ரசித்தது. திருத்தம் எழுத்துமூலமாகவும் மனுக் கொடுத்தார். அதற்குக் குழுச் செயலாளரிடமிருந்து வந்த பதில், கருத்து உரிய கவனத்துடன் பரிசீலனையில் உள்ளதாகத் தெரிவித்தது. குடிநீர் வாரியத்துப் பதில்களில் காணாத சந்திப்பிழை ஒன்று அதில் இருந்தது. அவர் திருத்தவில்லை.

பதிப்பு வெளியீட்டு விழா ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. நடைச் செம்மைக்காகத் திருத்தத்துக்கு ஒரு கேடயம் கொடுப்பதாகத் தீர்மானித்திருந்தார்கள். போகக் கூடாது என்று நினைத்தவர், மைக் இருக்கும் என்பதற்காகப் போனார். தலைவரின் முன்னுரை, முன்னுரையை ஒட்டிய சில சொற்கள், வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்து கேடயம் கைக்கு வந்தபோது ஏற்புரைக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள்.

“இந்தப் பதிப்புல நான் எழுதின ஒரு கேள்வி பொய் சொல்லுது. அதை நம்பி எங்க அக்கா எங்க அத்தானோட குரலை அழிச்சுட்டாங்க. திரும்பக் கிடைக்காது. நகல் எடுக்கும்போது கேள்வி வந்தா தயவுசெஞ்சு யாரும் படிக்காதீங்க” என்றார்.

 கைதட்டல் முன்வரிசையிலிருந்து கிளம்பிக் கடைசிவரைக்கும் போனது. தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். குரலை இழந்த அத்தான் என்று நண்பர் குறிப்பிட்டது யாரை என்பது அவையோருக்கு விளங்கியிருக்கும், தாய்மொழியை இழந்த ஒவ்வொரு மனிதனையும் அல்லவா என்றார். தன்னடக்கத்தையும் உருவகத்தையும் இரண்டே நிமிடத்தில் கலந்து தருவது எப்படி என்று இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். இல்லைங்க, நிஜமாவே என்று திருத்தம் சொன்னது மைக்குக்கு எட்டவில்லை. கீழே இறங்கியபோது மூன்று பேர் கை கொடுத்தார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அக்கா வீட்டுக்குத்தான் போனார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

அத்தான் சாப்பாட்டு மேசையில் இருந்தார். கைப்பலகை வந்ததிலிருந்து அவர் அந்த அறுபது சொச்சம் வரியை வைத்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். கஞ்சி வேண்டாம் என்றால், ‘அளவு வரம்பை மீறிவிட்டது.’ பார்க்க வந்தவர்கள் எழுந்திருக்காமல் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தால், ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது.’ வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள், சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

இன்றைக்கு அவருக்கு முன்னால் மடிக்கணினி இருந்தது. திருத்தம் கேடயத்தைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோரம் சாத்திவிட்டு வந்தார். அத்தான் வா என்று கையைக் காட்டினார். திரையில் இரண்டு கோப்புறைகள் செய்து வைத்திருந்தார், ஒன்றுக்குச் ‘சோபா’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘கட்டில்.’ கட்டிலின் மேல் சோபாவை ஏற்றச் சொன்னார் கருவியிடம். ‘கட்டில்’ கொண்டு ‘சோபா’ மேலெழுதப்படும், தொடரவா என்றது கருவி. ஆம் என்று கொடுத்தார். கட்டில் காணாமல்போய் இரண்டும் சோபாவாக நின்றன. எது யாருக்குப் போயிற்று என்பதில் வாழ்நாள் முழுக்க ஏமாறாத மனிதர். அக்காவைக் கூப்பிட மேசையைத் தட்டினார். அவள் வந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை செய்து காட்டினார்.

அக்கா கேள்வியைப் படித்தாள். உதடு அசையப் படித்தாள். தம்பியைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

“நான் சொன்னேனேக்கா” என்றார் திருத்தம்.

“சொன்ன” என்றாள் அக்கா. தட்டு எடுத்துவைக்கப் போனாள்.

அத்தான் கைப்பலகையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். திருத்தம் எதிரே நின்றார். உட்காரத் தோன்றவில்லை. அந்த ஒரு சாயங்காலத்துத் திட்டில் ஏதாவது ஒன்று, பாதியாவது வந்தால் போதும் என்றிருந்தது. மண்டபத்தில் கிடைக்கவில்லை, குழுவில் கிடைக்கவில்லை. இங்கே கிடைத்துவிட்டால் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடலாம்.

அத்தானின் விரல் பட்டியலில் கீழே போயிற்று. ஒரு வரியின்மேல் நின்றது. பொருந்தாது என்று நகர்ந்தது. மேலே வந்தது. மறுபடியும் கீழே போயிற்று. மறுக்கப்பட்டது. துண்டிக்கப்பட்டது. நிறுத்தப்பட்டது. முடித்துவைக்கப்பட்டது. எல்லாவற்றையும் திருத்தம் எதிரே நின்றபடி தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியிலும் யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. மரியாதையான தமிழ், செய்தவர் யார் என்றே தெரியாத தமிழ். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்தான் ஒவ்வொன்றாகத் தேய்த்து வைத்திருந்தார்.

பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. அத்தான் அவற்றைத் தொடவில்லை. எழுதிக் காட்டுகிற விஷயமில்லை அது.

அக்கா மூன்று தட்டு வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஆறிவிடும், சாப்பிடுங்க என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். அத்தான் நிமிரவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.